எல்மர் காரவே மேசையை விட்டு எழுந்தபோது

ரீனோ, நெவாடா
6 மார்ச் 1956

திருமதி லீட்டா காரவே அவர்களுக்கு,

கார்சன் சிட்டியில் உரிமக் குழுவின் அறையில் நேற்றுக் காலை இருந்தவர்கள்: குழு உறுப்பினர்கள் மூன்று பேர், நடுவில் தலைவர் திரு. ஆஷ்கிராஃப்ட், சுருக்கெழுத்து எழுதும் பெண் ஒருவர், எங்கள் வக்கீல் ப்ரையர், என் கணவர் ஹோபர்ட் லாங்லி, அவருக்குப் பின்னால் சுவரோரமாக நான். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பதினோரு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் போன பிறகு நான்கு காலி.

இதை முதலில் எழுதக் காரணம், அங்கே பேசியது உங்கள் கணவரைப் பற்றி. உங்கள் வீட்டார் யாரும் அங்கே இல்லை.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். மெர்சர் சபையில் உங்களுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்த வெர்னா. 1933 ஜூன் மாதம் ஹோபர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டேன். அந்த செப்டம்பர் பதினாறாம் தேதி சனிக்கிழமை, தீவனக் கடை மாடியில் ஹோபர்ட் நடத்திய சூதாட்ட அறையில், தம்மிடம் வேலை பார்த்த உங்கள் கணவர் எல்மரை அவர் சுட்டார். எல்மர்தான் முதலில் துப்பாக்கி எடுக்கப் போனார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, ஹோபர்ட்டுக்கு இரண்டு வருஷம் போட்டு, அதையும் சிறைக்குப் போகாமலே கழிக்கலாம் என்று விட்டது. இவையெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் விளங்க வேண்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சூதாட்டத்துக்கு அரசாங்கமே உரிமம் தருகிறது. எங்கள் காசினோவின் உரிமம் பத்து வருஷமாகப் பங்காளி பார்டினி பெயரில் இருந்தது. ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். இனி ஹோபர்ட் பெயரில் கிடைத்தால்தான் கதவு திறந்திருக்கும். அதற்காகக் குழு அவருடைய பழைய தாள்களை எல்லாம் டெக்சஸிலிருந்து வரவழைத்திருக்கிறது. சாராயம் கடத்தியது இரண்டு, அனுமதி இல்லாமல் பகடை மேசை போட்டது ஐந்து. அவற்றைத் தலைவர் பஞ்சாங்கம் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டார். மெர்சர் தீர்ப்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த அம்மா உயிரோட இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்காங்க. என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பாவே இருப்பாங்க” என்றார் ஹோபர்ட்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வந்தால், தனக்கும் ஆட்சேபணை இருக்காது என்று தலைவர் சொன்னார். வராவிட்டால் இவ்வளவு தாள்களைத் தாண்டித் தன்னால் கையெழுத்துப் போட முடியாதாம். மே எட்டாம் தேதி மறுபடி கூடுகிறார்கள்.

அந்தத் தாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். சின்ன விஷயம் கேட்கிறேன் என்று நினைக்கவில்லை. இதோடு பணம் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
வெர்னா லாங்லி


மெர்சர், டெக்சஸ்
17 மார்ச் 1956

வெர்னா,

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். அந்தக் கணக்கில் நீ இல்லை. இனிமேல் பேரை மட்டும் எழுது.

உன் கடிதம் நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்துக்கு வந்தது. முதலாளி உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், “ரீனோவுல இருந்து கடுதாசி வந்திருக்கு, லீட்டா. டைவர்ஸ் வாங்கத்தான் எல்லாரும் அங்க போறாங்க, நீயும் போறியா?” என்றார். “புருஷன் மண்ணுக்குள்ள போயி இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க, இதுக்கு மேல எப்படிப் பிரியறது?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்றபடி படித்தேன். ஒரு வெள்ளைச் சட்டை கருகியது. அதை என் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். உன்னிடம் கேட்க மாட்டேன்.

நாற்காலியை எல்லாம் எண்ணியிருக்கிறாய். சின்ன வயசிலும் நீ அப்படித்தான். சபையில் காணிக்கைத் தட்டு போகும்போது உன் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று கேட்கிறேன். ஒன்று, உன்னை எழுதச் சொன்னது அவனா, நீயாக எழுதுகிறாயா? அவனுக்குக் கை இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. இரண்டு, நான் போடாவிட்டால் உங்களுக்கு என்ன போகும்? கடை போகும் என்று எழுதாதே, கடை எல்லாருக்கும்தான் போகிறது. மூன்று, கையெழுத்துக் கேட்கிற தாளில் என்ன எழுதியிருக்கும்? படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. தாளை அனுப்பு. போடுவேன் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

நோரீனுக்கு அவள் அப்பா போனபோது நாலு வயசு. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

லீட்டா காரவே


ரீனோ
24 மார்ச் 1956

திருமதி காரவே அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்று. நானாகத்தான் எழுதினேன். ஹோபர்ட் கடிதம் எழுதுவதில்லை. பீப்பாய் மேல் ஒட்டிய தாள்களை வைத்துப் படிக்கக் கற்றவர்; எழுதுவது கையெழுத்தோடு சரி. நானும் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம்தான் இருந்தேன். மீதியை வேதாகமத்தில் எழுத்துக்கூட்டியும், கடைக் கணக்கில் கூட்டிக் கழித்தும் கற்றுக்கொண்டேன். உங்கள் பதிலைக் காலைச் சாப்பாட்டின்போது அவருக்குப் படித்துக் காட்டினேன். டைவர்ஸ் இடத்தில் சத்தமாகச் சிரித்து, “லீட்டா மாறவே இல்ல” என்றார். நோரீன் இடம் வந்ததும் முட்டையைத் தொடாமல் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டையும் எழுதுவதுதான் சரி.

இரண்டு. அவர் நல்லவர் என்று எழுத மாட்டேன். 1949-ல் குறி போட்ட சீட்டோடு வந்த ஒருவனுடைய இரண்டு விரல்கள் எங்கள் பின்அறையில் ஒடிந்தன. ஒடித்தது அவரல்ல. அறையில் அவர் இருந்தார். எனக்கு அது மறுநாள்தான் தெரியும். இங்கே உள்ளவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் தெருவில் நடந்தால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்கிறார்கள். எல்லாவற்றையும் தோற்றவர்களுக்கு ஒரு கிண்ணம் சூப்பும், ஊர் போய்ச் சேர பஸ் டிக்கெட்டும் கொடுத்துத்தான் அனுப்புவார். “நடந்து போறவன் என்னைத் திட்டிட்டே போவான். பஸ்ஸுல போறவன் தூங்கிடுவான்” என்பார். தருமம் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை.

என்ன போகும் என்றீர்கள். டெக்சஸில் இருந்த வருஷங்களில் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அவர் முதலில் பார்ப்பது பின்வாசல். கதவு தட்டினால் சாப்பிடுகிற கை நின்றுவிடும். இங்கே ஷெரிஃப் வந்தால், காபி போடச் சொல்லி என்னிடம் கத்துகிறார். ஐம்பத்தாறு வயசில் இப்போதுதான் ஒரு தொழிலை ஒளியாமல் செய்கிறார். போனால் அது போகும். பழைய மாதிரியே எங்காவது மாடியில் மேசை போடுவார். நான் மறுபடியும் பின்வாசல் உள்ள வீடு பார்க்க வேண்டும். அறுபத்தொரு பேருக்கு எங்களிடம் வேலை. இதைச் சொன்னால் அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றுவதாகும், சொல்லாவிட்டால் மறைப்பதாகும் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

நான் இங்கேயும் சபைக்குப் போகிறேன். காசினோக்காரர் மனைவி என்பதால் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்க விடுவதில்லை. கேக் செய்துகொடுக்க விடுகிறார்கள்.

மூன்று. வக்கீல் ப்ரையர் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். சட்டத்துக்கு வேண்டிய சொற்கள்தான் என்றார். அவர் உறையில் போட்டுக் கொடுத்ததை அப்படியே அனுப்புகிறேன்.

வெர்னா லாங்லி


மெர்சர்
5 ஏப்ரல் 1956

வெர்னா,

தாளை நீ படித்தாயா? படிக்காமல் அனுப்பியிருந்தால் இப்போது படித்துக்கொள். உன் வக்கீல் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: ‘என் கணவர் எல்மர் காரவே தமது வலது கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஆயுதத்தை எடுக்க முயன்றபோது நேர்ந்த மரணத்தைக் குறித்து எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.’

எல்மர் பைக்குள் கைவிட்டதாக என் வாயாலேயே சொல்லச் சொல்கிறார். நல்ல வக்கீல். வாழ்க்கையில் ஒரு கால்சட்டைக்குக் கூட இஸ்திரி போட்டிருக்க மாட்டார்.

அந்தக் கால்சட்டை என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறம், புதுசு. தீர்ப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து ஷெரிஃப் ஆபீசில் பழுப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். தொட்டியில் போட்டு மூன்று தண்ணீர் மாற்றித் துவைத்தேன். பிழியும்போது கையில் தட்டுப்பட்டது. இரண்டு பையும் வாய் தைத்திருந்தது. கறுப்பு நூல், இரட்டையாக. ஊசி நுழையக்கூட இடமில்லாமல் நெருக்கமான தையல். மேசையில் வேலை செய்கிறவன் பணத்துக்குப் பதிலாக வைக்கிற சில்லு எதையும் உள்ளே போட்டுக்கொள்ளக் கூடாது என்று உங்கள் இடத்தில் எல்லார் பையையும் தைத்துவிடுவீர்கள் இல்லையா. எல்மர் கைக்குட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். பை தைத்திருக்கிறவன் எந்தப் பைக்குள் கைவிடுவான்?

ஈரத்தோடேயே ஷெரிஃபிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “துவைச்சப்புறம் நீயே தைச்சிருப்ப, லீட்டா. துக்கத்துல இருக்க, வீட்டுக்குப் போ” என்றார். உங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் சாப்பிட்டவர், வேறு என்ன சொல்வார்.

அடக்க ஆராதனையில், பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே, துப்பாக்கியைத் தேடிப் போகிற மனிதர்களைப் பற்றிப் போதகர் பிரசங்கம் பண்ணினார். பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நோரீனைப் பள்ளிக்கூடத்தில் ‘துப்பாக்கி நோரீன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது வயசில் ஒரு நாள், “அப்பா முதல்ல சுடப் போனாராமே, ஏம்மா?” என்று கேட்டாள். பை தைத்திருந்த கதையைச் சொன்னேன். ஊரே ஒன்று சொல்ல, அம்மா மட்டும் ஒரு தையலைக் காட்டினால் பிள்ளை எதை நம்பும்? என் மேல் இரக்கப்பட்டுத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பைகளைத் தைத்தது யார், எந்த நாள்?

லீட்டா காரவே


ரீனோ
12 ஏப்ரல் 1956

திருமதி காரவே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வக்கீலிடம் பேசி அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். புதுத் தாளில் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்பதோடு சரி, பையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

பைகளைத் தைப்பது அந்த நாளில் என் வேலைதான். எங்களிடம் மேசை வேலைக்கு ஆறு பேர் இருந்தார்கள். ஆனால் இன்னார் கால்சட்டையை இன்ன நாளில் தைத்தேன் என்று இத்தனை வருஷம் கழித்து நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. தையல் பிரிந்துபோவதும் உண்டு. தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி எழுதுகிறேன்.

உங்களுக்காகவும் நோரீனுக்காகவும் ஜெபிக்கிறேன். மே எட்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.

வெர்னா லாங்லி


மெர்சர்
20 ஏப்ரல் 1956

வெர்னா,

பதினோரு நாற்காலி, நாலு காலி. மே எட்டுக்கு இருபத்தாறு நாள். என் புருஷன் பையைத் தைத்த நாள் மட்டும் மறந்துபோய்விட்டது. நல்ல மறதி, உப்புப் போட்டு ஊற வைத்த மறதி.

நீ அனுப்பிய தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, போட மாட்டேன். நான் எழுதித் தராவிட்டால் மூடிவிடும் என்கிறாயே, அந்தக் கடை திறந்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, மூடினாலும் ஒன்றுமில்லை. உன் குழுவுக்கு நான் எதுவும் எழுத மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது வேறு. நீ தைத்ததை உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. போதகர் ஹாஸ்கெலிடம் கேட்டுவிட்டேன். பழைய போதகர் இல்லை, இவர் வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தலையாட்டியவர்களில் பாதிப் பேர் இன்னும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அவர்கள் காதில் விழட்டும். நோரீன் பக்கத்தில் இருப்பாள்.

எழுத முடியாது என்றால் இனிமேல் எனக்கு எழுதாதே. ஜெபமும் வேண்டாம். உன் ஜெபத்தில் என் பேர் வந்தால் எனக்குக் கழுத்தில் கூசுகிறது.

லீட்டா


ரீனோ
9 மே 1956

திருமதி காரவே அவர்களுக்கு,

ஏப்ரல் 12-ல் நான் எழுதியது பொய். இந்த ஒரு வரியை எழுத மூன்று தாள் வீணாயிற்று.

எல்மரின் பைகளைத் தைத்தவள் நான். 1933 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கால்சட்டை புதுசு, சாம்பல் நிறம். அன்றைக்குத்தான் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஹோபர்ட்டின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றார். நூல்கண்டைப் பிடித்துக் கொடுத்தார். “இறுக்கமாவே தைங்க வெர்னா. உங்க வீட்டுக்காரரு நிம்மதியாத் தூங்கட்டும்” என்றார். வலது பைக்கு இருபத்தெட்டு தையல், இடது பைக்கு இருபத்தாறு. முடிச்சைப் பல்லால் கடித்தேன். சனிக்கிழமை அவர் போட்டிருந்தது அதுதான். இரண்டு நாளில் பிரிகிற தையல் நான் போடுவதில்லை.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் மறுபடி பொய் எழுதியதாகும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாலு மணி இருக்கும். பகடை மேசை இருந்த அறையில் ஹோபர்ட், எல்மர், விளையாட வந்தவர்கள் ஆறு பேர். நான் அடுத்த அறையில் அவர்களுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். பகடையை மாற்றிப் போட்டுச் சிநேகிதனை ஜெயிக்க வைக்கிறாய் என்று ஹோபர்ட் சொன்னது கேட்டது. அப்படியென்றால் நீங்களே வந்து நில்லுங்கள், எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று எல்மர் சொன்னது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு கைதட்டல், ஒரே ஒரு தட்டு.

மேசை வேலை செய்கிறவர் இடத்தை விட்டு எழும்போது, இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். உங்கள் சில்லு எதுவும் என் கையில் இல்லை என்று முதலாளிக்குக் காட்டுவது அது. எல்மர் உங்களிடம் சொல்லியிருப்பார். இன்றைக்கும் எங்கள் காசினோவில் அரை மணிக்கு ஒருவர் அப்படித் தட்டிவிட்டு எழுகிறார்.

தட்டின சத்தத்துக்கும் சுட்ட சத்தத்துக்கும் நடுவில் ஒரு துண்டு ரொட்டி வெட்டி முடிக்கிற நேரம்கூட இல்லை. அப்படியென்றால் எல்மருடைய இரண்டு கைகளும் மேலேதான் இருந்திருக்கும், வெறுங்கையாகத்தான் இருந்திருக்கும். நான் கதவைத் திறந்தபோது அவர் கிடந்தார். பக்கத்தில் துப்பாக்கி இல்லை. ஷெரிஃப் வந்து போன பிறகு இருந்தது. வைத்தவரை நான் பார்க்கவில்லை.

வழக்கில் என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை, சபையிலிருந்து வந்ததும் ஹோபர்ட்டிடம் சொன்னேன். சமையலறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பையைப் பற்றிச் சொன்னபோது உரித்துக்கொண்டே இருந்தார். அடுத்ததைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கைதட்டினது உனக்குக் கேட்டுச்சா?”

கேட்டது என்றேன்.

“இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்க. ஒரு வார்த்தை சொல்லலியே.”

நீங்களும் சொல்லவில்லை என்றேன். அவர் ஒரு சுளையைப் பிய்த்துத் தின்றார். விதையைத் தட்டில் வைத்தார்.

“அதுக்குத்தான் சுட்டேன், வெர்னா. ஆறு பேரு பாத்துட்டிருக்காங்க. என்னமோ நான்தான் திருடங்கிற மாதிரி, மெதுவா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டறான். சிரிக்கிறான். துப்பாக்கி, பை, அதெல்லாம் வக்கீல் சொன்னது.”

இதை உங்களுக்கு எழுதப் போவதாகச் சொன்னேன். குழு முன்னாலும் சொல்வாயா என்றார். சொல்வேன் என்றேன். கடை மூடிவிடும் என்றார். தெரியும் என்றேன். ஆரஞ்சை முடித்துவிட்டு எழுந்து கை கழுவினார். “கார்சன் சிட்டிக்கு நானே கார் ஓட்டறேன். வாஷோ பள்ளத்தாக்குல காத்து வண்டியைத் தள்ளும், உனக்குப் பிடிமானம் போதாது” என்றார்.

நீங்கள் கேட்ட தாளை முதலில் தபாலில் போட்டுவிட்டுக் குழு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் குழுவுக்கு எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தச் சொல்லின் மறைவில் நான் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும். அதனால் அங்கே சொல்லிவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

நேற்று சொன்னேன். நான்கு நிமிஷம் ஆனது. பாதியில் வக்கீல் ப்ரையர் பேனாவை மூடி வைத்தார். தலைவர் ஹோபர்ட் பக்கம் திரும்பி, “உங்க மனைவி சொல்றதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். வக்கீல் அவர் கையைப் பிடித்தார். ஹோபர்ட் எழுந்து நின்றார்.

“பத்து வருஷமா என் கணக்கு முழுக்க இவதான் எழுதறா. ஒரு வரி தப்புன்னு இதுவரைக்கும் நான் சொன்னதில்ல” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

உரிமம் இல்லை என்று மத்தியானம் சொன்னார்கள். ஜூன் 30-க்குள் மூட வேண்டும். இன்று காலை வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் பகடை மேசைகளைச் சுற்றி நிற்க வைத்து ஹோபர்ட் சொன்னார். காரணம் சொல்லவில்லை. மது ஊற்றுகிற கார்ட்னர் என்னிடம் வந்து, “உங்களாலதானாமே?” என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வீட்டில் பேசிக்கொள்கிறோம். பால் வந்துவிட்டதா, கார் சத்தம் போடுகிறதே, இப்படி. அடுத்தது எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று மாலை அவர் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றார்.

நீங்கள் கேட்ட தாள் இதோடு இருக்கிறது. ஒரு பக்கம்தான். தேதி, நூலின் நிறம், தையல், கைதட்டல், துப்பாக்கி இல்லாதது எல்லாம் இருக்கிறது. ஹோபர்ட் சமையலறையில் சொன்னதும் இருக்கிறது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் இருபத்திரண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததும் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. சபையில் அதைக் கேட்டால், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அதை இங்கே கேட்கிறேன். அதற்குப் பதில் வேண்டியதில்லை.

என் எழுத்து சிறியது. போதகருக்குச் சிரமமாக இருந்தால் நோரீன் படிக்கட்டும்.

தாள் கிடைத்ததா, எந்த ஞாயிறு படித்தார்கள் என்று சீக்கிரம் எழுதுங்கள்.

வெர்னா